கேட்டு வாங்கிய சிவப்பு

சங்ககிரி மேம்பாலத்தின் ஏழாவது தூணைத் தாண்டி அர்த்தநாரி போய் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தூண் வரைக்கும் போனால் இடது மணிக்கட்டில் கிடக்கும் காப்பு லேசாக அதிரும். இன்னும் பத்தடி வைத்தால் கத்தத் தொடங்கும். கத்திய பிறகும் நடந்தால் திருச்செங்கோட்டு மையத்தில் ஒரு திரையில் அவன் பெயர் எரியும். அப்படி மூன்று தடவை எரிந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை ரத்து. முதல் வருஷத்திலேயே அவன் இரண்டு தடவை எரியவிட்டிருந்தான். அதற்குப் பிறகு தூணோடு நின்றுகொள்வான்.

அரைமணி வட்டம் என்று அதற்குப் பெயர். இதயத்தில் உறைகிற ரத்தக்கட்டி மூளைக்கு ஏறி அடைத்துக்கொண்டு வரும் பக்கவாதம் யாருக்கு வரக்கூடும் என்பதை மரபணுவைப் படித்து முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை வந்த பின்னால் போட்ட சட்டம் அது. மதிப்பெண் எழுபதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்புக்காரர்கள், கட்டியை இழுத்தெடுக்கும் மையத்துக்கு ஆம்புலன்ஸில் அரைமணிக்குள் வந்துசேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கவேண்டும். எழுபதுக்குக் கீழே பச்சை. பச்சைக்காரர்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம், வரலாம். அந்தச் சட்டத்தால் கை கால் விழாமல் தப்பித்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் யாரும் அதை எதிர்த்துப் பேசவில்லை.

பெயர்தான் வட்டம். வரைபடத்தில் பார்த்தால் நண்டு கால் பரப்பிக் கிடப்பது போல இருக்கும். நல்ல ரோடு இருக்கும் பக்கம் நீளும், குழி விழுந்த பக்கம் குறுகும். மழை பிடித்தால் மொத்தமாகவே சுருங்கும். வைகாசித் தேரின்போது ரத வீதிகள் அடைபட்டுப் போவதால் அர்த்தநாரியின் வீடே வட்டத்துக்கு வெளியில் போய்விடும். அந்த மூன்று நாளும் மையத்துக் கூடத்தில் மற்ற சிவப்புக்காரர்களோடு பாய் விரித்துக் கிடப்பான். தேர்ச் சத்தம் காதில் விழும். தேர் கண்ணில் படாது.

அதற்கு முன்னால் அவன் போர்வெல் ரிக்கில் ஆபரேட்டர். பதினெட்டு வயதில் லாரி ஏறியவன். ராஜஸ்தான் மணலிலும் ஒடிசாவின் செம்மண்ணிலும் ஜபல்பூர்ப் பாறையிலும் குழி போட்டவன். பைப்பின் அதிர்வை உள்ளங்கையில் வாங்கியே அறுநூறு அடிக்குக் கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவான். இப்போது திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, ஊர் ஊராகப் போய்த் தேய்ந்து வருகிற டிரில் பிட்டுகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். பிட்டின் துவாரங்களில் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டும்போது இது எந்த ஊர் மண் என்று பார்ப்பான். பட்டறையில் யாரும் கேட்கமாட்டார்கள். அவனும் சொல்லமாட்டான்.

இந்தச் சிவப்பு தன்னுடையது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதை அவன் தம்பிக்காக வாங்கிக்கொண்டான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ரிக் உரிமையாளர் சங்கத்து மண்டபத்தில் ரத்தம் எடுக்கும் முகாம் நடந்தது. அர்த்தநாரியும் தம்பி நல்லசிவமும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராகக் கை நீட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மாரப்பன் அர்த்தநாரியைத் தேடி வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன்.

"ஏப்பா, லிஸ்டை எட்டிப் பார்த்தேன். இன்னும் வெளிய வுடலை, இன்னொருக்காக் குழாயை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வுடுவாங்க. உனக்குப் பச்சை. உன்ற தம்பிக்குச் செவப்பு" என்றான்.

நல்லசிவத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. பிருந்தாவைக் கட்டி ஐந்து மாதம். அவள் முழுகாமல் இருந்தாள். அடுத்த வாரம் முதல் தடவையாகத் தனி ரிக்கோடு ஒடிசா போவதாக இருந்தான். ஒரு இடத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவன்.

அர்த்தநாரிக்கு முப்பத்து மூன்று. அலைச்சலில் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிருந்தது. அவன் அதிகம் யோசிக்கவில்லை.

"ரெண்டு குழாயிலும் இருக்கற சீட்டை மாத்தி ஒட்டிரு, மாரப்பா."

"மாட்டுனா ஜெயிலுப்பா."

"நான்தான் செய்யச் சொன்னேன்னு எழுதிக் குடுக்கறேன். நான் பார்க்கற ஊரெல்லாம் பார்த்துட்டேன். அவன் இப்பத்தான் கெளம்பறான்."

மாரப்பன் தலையைச் சொறிந்துகொண்டே போனான். மறுநாள் வந்து, "ஆச்சு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரக் கடைசியில் பட்டியல் வந்தது. அர்த்தநாரி சிவப்பு. நல்லசிவம் பச்சை. தம்பி அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அர்த்தநாரி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்த நேரத்தில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்ததை மறுக்க முடியாது.

அந்தச் சந்தோஷத்தை வைத்துத்தான் அவன் ஒன்பது வருஷத்தையும் ஓட்டினான். பேசி வைத்திருந்த பெண் வீட்டார், சிவப்பு பிள்ளைகளுக்கும் இறங்கும் என்று விலகிக்கொண்டபோது அதை நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாவது தூணுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, வடக்கே போகும் ரிக் லாரிகளைப் பார்க்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டான். அவற்றில் ஏதாவது ஒன்றில் நல்லசிவம் கையாட்டிக்கொண்டு போவான்.

ஆனால் ஒரு கவலை மட்டும் அவனை விடவில்லை. வட்டம் போனால் போகிறது. மருந்து? சிவப்புக்காரர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மையத்தில் மாத்திரை தருவார்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. ரத்தப்போக்கு வரக்கூடிய மருந்து என்பதால் எண்ணித்தான் கொடுப்பார்கள், வெளியில் கிடைக்காது. உண்மையில் அதைச் சாப்பிடவேண்டியவன் ஒடிசாவில் இருந்தான். அதனால், மையத்தில் எப்போதாவது ரத்தம் பார்த்தால் மருந்து தெரியவேண்டுமே என்று காலை மாத்திரையை மட்டும் அர்த்தநாரி போட்டுக்கொண்டான். மாலை மாத்திரைகளைச் சேர்த்து, ஒரு பழைய டப்பாவில் போட்டுப் பிருந்தாவிடம் கொடுப்பான்.

"ரிக் அதிர்வுக்கு எலும்பு தேயாம இருக்கற மாத்திரை அம்மிணி. தெனமும் ஒண்ணு போடச் சொல்லு. மறந்தான்னா எங்கிட்டச் சொல்லோணும்."

பிருந்தா அதை நல்லசிவத்தின் பையில் வைத்துத் தைக்காத குறையாக அனுப்புவாள். அண்ணன் கொடுத்தது என்பதால் நல்லசிவம் கேள்வி கேட்காமல் விழுங்கினான்.

எல்லாம் புதுக் காப்பு வரும் வரைக்கும்தான்.

மாசி மாதத்தில் மையத்தில் எல்லோருக்கும் பழைய காப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார்கள். மூன்றாம் நாள் அர்த்தநாரியைக் கூப்பிட்டனுப்பினார்கள். மருத்துவர் நஸ்ரீன் தஞ்சாவூர்க்காரர். கோபத்தையும் மெதுவாகப் பேசுகிறவர்.

"இது தோல் வழியா மருந்தோட அளவையும் பார்க்கும். நீங்க சாயங்கால மாத்திரை போடுறதே இல்லையே?"

"மறந்து போச்சுங்க டாக்டர்."

"மூணு நாளுமா? இனி மறந்தா அதுவே எங்களுக்குச் சொல்லிடும். வீட்டுக்கு ஆள் வந்து வாயில போட்டுட்டுப் போவாங்க. அந்த நிலைமைக்குக் கொண்டுவராதீங்க."

அன்றிலிருந்து அர்த்தநாரி இரண்டு வேளையும் மாத்திரை விழுங்கினான். விழுங்கும் ஒவ்வொரு மாலையும் தம்பியின் உயிரை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுபோல இருந்தது. ஒருநாள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பார்த்தான். எட்டு மணிக்குள் காப்பு அதிர்ந்தது. டப்பா தொலைந்துவிட்டது என்று இன்னொரு மாதத்துக்குக் கேட்டுப் பார்த்தான். எண்ணிக் கொடுத்த கணக்கைக் காட்டினார்கள், கொடுக்கவில்லை.

ஒடிசாவுக்குப் போன் போட்டான்.

"சிவம், ஒரு மாசம் ஊருக்கு வந்துட்டுப் போடா."

"எதுக்குண்ணா? மழைக்கு முந்தி இங்க நாப்பது குழி போடோணும். பலாங்கிர்ல குடிக்கத் தண்ணியில்லாம ஜனம் வரிசையில நிக்குது."

"சொன்னாக் கேளு. அந்த மாத்திரை தீந்துபோச்சு. புதுசு கெடைக்க நாளாகும்."

நல்லசிவம் சிரித்தான். "எலும்பு மாத்திரைக்கா ஊருக்கு வரச் சொல்ற? எனக்கு எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நீ ஒடம்பைப் பாத்துக்க. உனக்குத்தான் கவலையா இருக்குது எனக்கு."

உண்மை அர்த்தநாரியின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நல்லசிவம் அன்றைக்கே லாரி ஏறியிருப்பான். ஆனால் சொன்னால் மாரப்பன் உள்ளே போவான், தானும் போகவேண்டும், தம்பி காலத்துக்கும் வட்டத்துக்குள் அடைபடுவான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஏதாவது வழி கிடைக்கும் என்று போனை வைத்தான். மறுநாளும் அப்படித்தான் வைத்தான்.

மாத்திரை நின்ற பத்தொன்பதாம் நாள், காலைச் சாப்பாட்டு வேளையில் பலாங்கிர் ரிக்கிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். பைப் மாற்றும்போது நல்லசிவத்தின் வலது கை அப்படியே தொங்கிப்போயிற்று. வாய் கோணிக்கொண்டது. பக்கத்து மையத்துக்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரம்.

பிருந்தா புறப்பட்டுப் போனாள். அர்த்தநாரி போக முடியவில்லை. மூன்றாவது தடவை பெயர் எரிந்தால், அங்கே படுத்திருக்கும் தம்பிக்கும் சேர்த்துச் சிகிச்சை நின்றுபோகும். இருபத்திரண்டு நாள் பட்டறைக்குப் போய்ப் பிட்டு தேய்த்தான். சாணைக்கல்லில் தீப்பொறி பறந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஆம்புலன்ஸ் வருகிறது என்று தெரிந்த அன்று விடிந்ததிலிருந்தே ஏழாவது தூணடியில் நின்றான். வண்டி மேம்பாலத்திலிருந்து இறங்கி அவனைக் கடந்துபோனது. கண்ணாடி வழியாகப் பிருந்தாவின் முகம் மட்டும் தெரிந்தது.

வீட்டில் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். நல்லசிவத்துக்கு நினைவு இருந்தது, எல்லாம் புரிந்தது. வலது பக்கம் மட்டும் இல்லை. பேச்சும் இல்லை. சொல்ல வாயெடுத்தால் ஏதோ ஒரு சத்தம் வரும், அது தான் நினைத்த சொல் இல்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொள்வான். எட்டு வயது மகள் வெண்பா அப்பாவின் கட்டிலுக்கு அருகில் வரவே பயந்தாள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று பிருந்தா மையத்துக்கு நடந்தாள். அங்கே சிவப்புக்காரர்களுக்கு முன்னுரிமை. அவர்களுக்கு மறுநாளே பயிற்சியாளர் வீடு தேடி வருவார். பச்சைக்காரர்கள் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கவேண்டும். ஏழு மாதம் ஆகும் என்றார்கள்.

"மொத மூணு மாசத்துல பயிற்சி குடுத்தாத்தான் பேச்சு திரும்புமாமுங்க மாமா" என்றாள் பிருந்தா. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பச்சைங்கறதுக்காக ஏழு மாசம் ஊமையா இருக்கோணுமா?"

அர்த்தநாரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "உள்ள வா அம்மிணி" என்று அடுப்படிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். முகாம், மாரப்பன், சீட்டு, மாலை மாத்திரை, புதுக் காப்பு. பிருந்தா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த மாத்திரை?"

"ரத்தம் உறையாம இருக்கறது."

"ஒம்பது வருஷமா நான் பையில வெச்சு அனுப்புனது அதுவா?"

"ஆமா."

"நின்னு போச்சுன்னு தெரிஞ்சுமா மாமா நீங்க வாயைத் தொறக்கலை?"

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எங்களுக்கு நல்லது செஞ்சீங்களா கெட்டது செஞ்சீங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க. ஆனா அவிய செவப்புன்னா, செவப்புக்குக் கெடைக்கறது அவியளுக்குக் கெடைக்கோணும். டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே."

மருத்துவர் நஸ்ரீன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை நான் மேலே எழுதியாகணும். தெரியுமில்லையா?"

"எழுதுங்க. ஜெயிலுக்குப் போறேன். என்ற தம்பிக்குச் செவப்பு அட்டை குடுத்துருங்க."

"முதல்ல ரெண்டு பேர் ரத்தத்தையும் திரும்பப் பார்க்கலாம். பழைய குழாய்களும் குளிர்அறையில இருக்கும். நாலு நாள் குடுங்க."

அந்த நாலு நாளும் அர்த்தநாரிக்கு விசித்திரமாகக் கழிந்தன. பயம் இருந்தது. ஆனாலும் பட்டறையில் பிட்டைத் திருப்பிப் பிடிக்கும்போது, காப்பு இல்லாத மணிக்கட்டு எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்து போனது. ஜெயில் இரண்டு வருஷம் என்றார்கள். அதற்குப் பிறகு? பலாங்கிரில் ரிக் சும்மா நின்றுகொண்டிருந்தது. இப்படி நினைப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இதற்கிடையில் பிருந்தா கணவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மறைத்து வைத்ததெல்லாம் போதும் என்று பட்டிருக்கவேண்டும். அன்றிலிருந்து நல்லசிவம் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். கஞ்சிக் கரண்டியை இடது கையால் தட்டிவிட்டான். அர்த்தநாரி பக்கத்தில் போனால் அவன் காப்பைத் தொட்டுத் தொட்டுக் கண்ணீர் விட்டான். தண்ணீர் மட்டும் இரண்டு மிடறு இறங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் மருத்துவர் அர்த்தநாரியையும் பிருந்தாவையும் உட்காரச் சொன்னார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"மூணு தடவை பார்த்தேன். சீட்டு மாறவே இல்லை."

அர்த்தநாரிக்குப் புரியவில்லை. "மாரப்பன் மாத்துனானுங்களே."

"யாரும் எதையும் மாத்தலை. பழைய குழாயும் இப்ப எடுத்த ரத்தமும் பொருந்துது. உங்களுக்கு எழுபத்து மூணு. உங்க தம்பிக்கு அறுபத்தாறு. நீங்க சிவப்பு. அன்னைக்கும் இன்னைக்கும்."

பிருந்தாதான் முதலில் பேசினாள்.

"அப்புடீன்னா அவியளுக்கு எப்புடி வந்துச்சு?"

"இதயத்தோட இடது மேலறையில ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும்மா. இதயம் தாளம் தப்பித் துடிச்சா, வாய்க்கால் மூலையில தண்ணி தேங்குற மாதிரி அங்க ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா இப்படி ஆகும். தாளம் தப்புறதுக்கு எத்தனையோ மரபணுக்கள் காரணம். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். அதுல முக்கியமான ஒண்ணு, கருவுல இதயம் உருவாகும்போது எது இடது பக்கம்னு சொல்லிக்கொடுக்குற மரபணுவுக்குப் பக்கத்துல இருக்கு. அது அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே சரியில்லை. மத்ததுல இவருக்கு ஏழு மதிப்பெண் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அந்த ஏழுக்கா ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய?"

"எழுபதுங்குறது இயற்கை போட்ட கோடு இல்லை. அன்னைக்கு இருந்த மையங்கள் எத்தனை பேரைத் தாங்குமோ, அத்தனை பேர் மட்டும் உள்ள வர்ற மாதிரி அரசாங்கம் போட்ட கோடு. பச்சைன்னா வராதுன்னு அர்த்தமில்லை. குறைவா வரும்."

அர்த்தநாரி தரையைப் பார்த்தபடி கேட்டான். "நான் மாத்திரையை நிறுத்துனதாலயா டாக்டர்?"

"இந்த மருந்தைச் சாப்பிட்டுட்டு இருந்தவங்க திடீர்னு நிறுத்தினா ஆபத்துதான். ஆனா அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. நீங்க ஒன்பது வருஷம் பாதி மருந்துல இருந்திருக்கீங்க. உங்களுக்கு வராம இருந்ததுக்கும் என்கிட்ட காரணம் இல்லை."

எழுதி அனுப்ப ஒன்றுமில்லை என்றார். மாற்றாத சீட்டுக்கு வழக்கு கிடையாது. மாத்திரை விஷயத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். நல்லசிவத்துக்குப் பக்கவாதம் வந்துவிட்டதால் அடுத்த வாரம் அவனுக்கும் காப்பு மாட்டுவார்கள். ஆனால் பயிற்சிப் பட்டியலில் பச்சை பச்சைதான். சிவப்பு அட்டை கிடையாது.

அங்கிருந்து அர்த்தநாரி நேராகக் குமாரபாளையம் போனான். மாரப்பன் அங்கே ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தான். அது வட்டத்துக்குள்தான். அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்ததும், வரிசையில் நின்ற இரண்டு பேரையும் அப்புறம் வரச் சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"நீ மாத்தவே இல்லையா?"

மாரப்பன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"அன்னைக்கு லிஸ்டுல நான் வரிசை தப்பிப் பார்த்துட்டேன்பா. உங்க குழாய் நம்பர் நாப்பத்தொண்ணும் நாப்பத்திரெண்டும் அடுத்தடுத்து இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல். நீ கேட்டபொறவு சீட்டை மாத்தறதுக்குன்னு குழாயைக் கையில எடுத்தேன். அப்பத்தான் நம்பரை லிஸ்டோட ஒத்துச் சரியாப் பார்த்தேன். செவப்பு உன்ற பேர்லயே இருந்துச்சு."

"எங்கிட்ட அப்பவே சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்லட்டும்? நீ கேட்டு வாங்க வந்தது ஏற்கெனவே உன்னுதாத்தான் இருந்துச்சு. அதைச் சொன்னா நீ தலையில கைவெச்சு உக்காந்துருப்ப. சொல்லலைன்னா தம்பிக்குக் குடுத்தோம்னு சந்தோசமாப் போவ. எப்புடியும் உள்ளதான கெடக்கப்போற? சந்தோசமாவே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன். மாத்திரையைப் பிரிச்சுக் குடுப்பேன்னு நான் கண்டனா?"

அர்த்தநாரி அவனை அடிக்கத்தான் வந்திருந்தான். கை எழவில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியில் வந்தான்.

வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வழக்கமான ஊர்கள், வழக்கமான நிறுத்தங்கள். ஒன்பது வருஷமாக இதே ரோட்டில் போய் வந்திருக்கிறான். மூச்சு முட்டும்போதெல்லாம் தம்பி எங்கேயோ ஒரு புதுக் காட்டில் குழி போட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தால் கொஞ்சம் காற்று வரும். இன்றைக்கு நினைத்துப் பார்த்தான். வரவில்லை. காப்பு மட்டும் மணிக்கட்டில் வியர்த்துக் கிடந்தது. அது இனி கழலாது. அவன் யாருக்கும் எதையும் கொடுத்திருக்கவில்லை. கொடுத்தது ஒரு டப்பா மாத்திரை மட்டும். அது என்ன செய்தது என்பது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பிருந்தா கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். நல்லசிவம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான்.

"மூணாவது நாளாச்சுங்க மாமா. இன்னைக்கும் இறங்கலைன்னா மூக்குல குழாய் போடோணும்னு சொல்றாங்க."

"அவங்கிட்ட டாக்டர் சொன்னதைச் சொன்னியா?"

பிருந்தா இல்லை என்று தலையை அசைத்தாள். "அது நான் சொல்றதுக்கில்லைங்க. நீங்க எப்புடிச் சொன்னாலும் சரி. சொல்லாம வுட்டாலும் நான் வாயைத் தொறக்கமாட்டேன்."

அர்த்தநாரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். நல்லசிவம் திரும்பினான். அண்ணனைக் கண்டதும் இடது கை நீண்டு காப்பைப் பிடித்துக்கொண்டது. கண் நிறைந்தது. இப்படி ஒரு பார்வையை அர்த்தநாரி இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை கற்பனை செய்து பார்த்திருப்பான்! என்றைக்காவது தம்பிக்குத் தெரியவரும், அன்றைக்கு இப்படித்தான் பார்ப்பான் என்று. அந்தப் பார்வை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சும்மா இருந்தாலே போதும், அது அவனுடையதாகிவிடும்.

"சிவம், நான் சொல்றதைக் கேளு. சீட்டு மாறலை."

நல்லசிவம் விழித்தான்.

"மாரப்பன் மாத்தவே இல்லடா. செவப்பு எனக்குத்தான் வந்துச்சு. உனக்குப் பச்சைதான். உனக்காக நான் உள்ள கெடக்கலை. எனக்காகத்தான் கெடந்தேன். நான்தான் ஏமாந்து, உனக்காகன்னு நெனச்சுட்டு இருந்துருக்கேன். நீ எனக்கு ஒண்ணும் தரவேண்டியதில்லை. ஒண்ணுமே இல்லை."

நல்லசிவம் மனைவியைப் பார்த்தான்.

"நெசந்தானுங்க. நானும் கூட இருந்தேன். டாக்டர் காட்டுனாங்க" என்றாள் பிருந்தா.

அவன் பார்வை அண்ணன் முகத்துக்குத் திரும்பியது. காப்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அர்த்தநாரி குனிந்தான். அழவில்லை. வாயின் இடது பாதி மட்டும் விரிந்து, தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். அடக்க முடியாமல், எச்சில் வழிய, ஒரு பக்கமாகச் சிரித்தான். வெண்பா உள்ளறையிலிருந்து ஓடிவந்து கதவோரம் நின்று பார்த்தாள்.

அர்த்தநாரிக்கு முதலில் கோபம் வந்தது. "என்னடா சிரிப்பு? ஒம்பது வருஷம்டா!" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கும் ஒரு சத்தம் வெடித்து வந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

பிருந்தா கணவனின் வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை அண்ணன் கையில் கொடுத்தாள். "ஆறிப்போச்சு. சுட வெச்சு எடுத்தாரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம் அம்மிணி. இப்பவே குடுத்துருவோம்."

அவன் கரண்டியில் கஞ்சியை அள்ளினான். நல்லசிவம் வாயைத் திறந்தான்.